நூற்று நான்கு மேற்கோள்கள்

மேற்கோள் என்னும் சொல் எங்களைப் போன்ற வாசகர்களுக்கு உரையாசிரியர்கள் வழியாக வந்து சேர்ந்த சொல். வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூல்களாக நமக்குக் கிடைக்கவில்லை. பழைய உரைகாரர்களும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் எடுத்துக்காட்டிய பாடல்களே அவற்றை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கின்றன. முத்தொள்ளாயிரத்தின் கதியும் ஏறக்குறைய அதுதான். தொல்காப்பியரோ தமக்கு முன்னிருந்தோர் கருத்தை எடுத்தாளும் இடங்களிலெல்லாம், புலவர்கள் இவ்வாறு சொல்வார்கள் என்று பொதுவில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எந்தப் புலவர், எந்த நூல் என்று கேட்க நமக்கு வழியில்லை. இன்றைய கணக்கில் பார்த்தால் அந்தப் பெயரற்ற புலவர்கள் அத்தனை பேரின் மேற்கோள் எண்ணிக்கையும் சுழியம்தான்.

இன்றைய கணக்கு என்று ஒன்று இருப்பதையும், அதைக்கொண்டு மனிதர்களின் பதவி, ஊதியம், கௌரவம் முதலியவை தீர்மானிக்கப்படுவதையும் எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் வட்டத்தின் ஒரே அறிவியலாளர். புதுக்கோட்டையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கூடிப் புத்தகம் பேசுகிற சிறு குழு எங்களுடையது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வங்கி ஊழியர் இருவர், ஒரு நூலகர், கணக்கு வாத்தியார் ஒருவர் என்று கலவையான கூட்டம். அதில் இந்தத் தோழியும் உண்டு. மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறார். ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படித்து மேலே வந்தவர். புற்றுநோய்ச் செல்களின் மீது மூலிகைச் சாறுகள் என்ன செய்கின்றன என்பது அவருடைய ஆய்வுப் பரப்பு. அசோகமித்திரனை அவரளவுக்கு நுணுகிப் படித்தவர்கள் எங்களில் வேறு எவரும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் வங்கி நண்பர் கூகுள் ஸ்காலரில் அவர் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். அவருடைய கட்டுரை ஒன்று மட்டும் நூறு மேற்கோள்களைத் தாண்டியிருந்தது. நூறு என்பது எங்களுக்கு மலைப்பான எண். எங்கள் மாவட்டத்து எழுத்தாளர் எவருடைய சிறுகதையையாவது நூறு பேர் எங்கேனும் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்களா? ஒரு பொன்னாடை, ஒரு புத்தகம், நான்கு பேர் பேச்சு என்று எளிய பாராட்டுக்கு ஏற்பாடு செய்தோம். ஆண்டுதோறும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிடும் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம்பெற்ற பேராசிரியர்களுக்கு வைக்கப்படும் பதாகைகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். நாமும் ஒன்று வைக்கலாமே என்றுகூட ஒருவர் சொன்னார். நல்லவேளை, வைக்கவில்லை.

தோழி அன்று ஒரு கட்டுக் காகிதத்துடன் வந்தார். அவருடைய கட்டுரையைச் சுட்டிய நூற்று நான்கு கட்டுரைகளின் பட்டியல். எத்தனை கிடைக்குமோ அத்தனையையும் இறக்கி, தம் பெயர் வரும் பத்திக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். "பாராட்டுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பாத்துரலாமா ஐயா?" என்று தமிழாசிரியரைக் கேட்டார். இலக்கியக் கூட்டத்தில் வாசிக்கலாமா என்று கேட்டால் மறுப்பார் உண்டா?

அந்த மாலை எங்களுக்குப் பெரிய படிப்பினை. நூற்று நான்கில் முப்பத்தொன்று அவரும் அவருடைய நெறியாளரும் அதே ஆய்வகத்தில் படித்தவர்களும் எழுதியவை. இதில் குற்றமில்லை, ஒருவர் தம் முந்தைய வேலையின் மேல்தான் அடுத்ததைக் கட்ட முடியும். ஒன்பது கட்டுரைகளைத் திறக்கவே முடியவில்லை. ஐம்பத்தெட்டுக் கட்டுரைகளின் முன்னுரையில், தாவரங்களுக்குப் புற்றெதிர்ப்புப் பண்பு உண்டு என்று பலர் காட்டியுள்ளனர் என்பதுபோன்ற ஒரு வாக்கியம் இருந்தது. அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஏழெட்டு எண்கள். அவற்றில் ஒன்று எங்கள் தோழி. அந்த எண்ணை எடுத்துவிட்டு வேறு எண்ணை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். சிலர் அவருடைய செடியின் பெயரையே மாற்றி எழுதியிருந்தார்கள். ஒருவர் அவர் இலையில் செய்ததை வேரில் செய்ததாகச் சொல்லியிருந்தார். பின்னட்டையைப் படித்துவிட்டு மதிப்புரை எழுதுகிறவர்களை நன்கறிந்த எங்களுக்கு இந்த இனத்தை அடையாளம் காண அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஐந்து கட்டுரைகள் அவருடைய சாறு வடிக்கும் முறையைப் பின்பற்றியவை. எஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றைக் கடைசியில் வைத்திருந்தார். அது வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை. அதன் உடலில் எங்கும் அவர் பெயர் இல்லை. இணைப்பு அட்டவணை ஒன்றில், தவறாக அடையாளம் காணப்பட்ட செல்களைப் பயன்படுத்திய ஆய்வுகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரிசையில் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ளச் சிறிது பின்னணி வேண்டும். புற்றுநோய் ஆய்வில் பெரும்பகுதி கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்படும் செல்களின் மீது நடக்கிறது. எப்போதோ எவரோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, இடைவிடாமல் பெருகிக்கொண்டே இருக்கும் செல்வரிசைகள் அவை. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது ஹீலா. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவர் அனுமதியின்றி எடுக்கப்பட்ட செல்கள். மனிதச் செல்களில் முதன்முதலாக முடிவின்றிப் பெருகத் தெரிந்தவை. அவ்வளவு வேகமாகப் பெருகியதால், ஆய்வகத்தில் அருகிலிருந்த பிற செல்களின் தட்டுகளிலும் ஒன்றிரண்டு நுழைந்து, சில நாள்களில் பழைய குடியிருப்பாளர்களை ஒழித்துவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டன. மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் பழையபடியே இருந்தது. வெவ்வேறு பெயர்களில் புழங்கிய பல செல்வரிசைகள் உண்மையில் ஹீலாவே என்று ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலர் 1966இல் ஒரு மாநாட்டில் அறிவித்தபோது அரங்கில் எவருக்கும் அது உவப்பாக இல்லை.

அவ்வாறு ஹீலாவாக மாறிப்போனவற்றில் ஒன்று கே.பி. என்ற செல்வரிசை. 1950களின் நடுவில் வாய்ப் புற்றுநோய்க் கட்டி ஒன்றிலிருந்து உருவாக்கப்பட்டதாக ஏடுகளில் பதிவாகி, அந்தப் பெயரிலேயே உலகெங்கும் விற்கப்பட்டது. எங்கள் தோழி பயன்படுத்தியது அதுதான். அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே வாய்ப் புற்றுநோய் என்று இருக்கிறது. எங்கள் பக்கத்து வேலியோரச் செடியின் இலைச்சாறு வாய்ப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்பது அவருடைய முடிவு. அது கொன்றது வாய்ச் செல்களை அல்ல. எழுபதாண்டுகளுக்கு முன் பால்டிமோரில் இறந்த ஒரு பெண்ணின் கருப்பை வாய்ச் செல்களை.

"அதுவும் தட்டுல கொல்றது பெரிய விஷயமே இல்லை. சலவைத்தூளைக் கரைச்சு ஊத்தினாலும் சாகும்," என்றார். உயிருள்ள செல்கள் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும், இறந்தவை மாற்றாது, ஊதாவின் அடர்த்தியை அளந்தால் எத்தனை செல்கள் பிழைத்தன என்று தெரியும். 1983இல் மோஸ்மன் என்பவர் விவரித்த எம்.டி.டி. என்னும் இந்த எளிய சோதனையை வைத்துக்கொண்டுதான் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. செலவு குறைவு. செடிகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை.

தோழி தனித்துப் பிழைசெய்தவர் அல்லர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் தேடியபோது, தவறான அடையாளம் கொண்ட செல்களைப் பயன்படுத்திய கட்டுரைகள் 32,755 கிடைத்தன. அவற்றை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஏறக்குறைய ஐந்து லட்சம் இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஹென்ரியட்டா லாக்ஸின் குடும்பத்துக்கும் அவருடைய செல்களை விற்றுப் பொருளீட்டிய நிறுவனம் ஒன்றுக்கும் இடையிலான வழக்கு 2023இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. அவர் ஒரு வரியும் எழுதவில்லை. அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்காத உயிரியல் நூலகம் உலகில் இருக்குமா என்பது ஐயமே.

அன்று பொன்னாடை போர்த்தவில்லை. புத்தகத்தை மட்டும் கொடுத்தோம்.

பிறகு நடந்த விவாதம் பல ஞாயிறுகளுக்கு நீண்டது. காரணம், பிரச்சினை வெறும் அறிவுப் பிரச்சினையாக இருக்கவில்லை. தோழி பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க இருந்தார். அதற்குப் பத்துக் கட்டுரைகள் வேண்டும். அவரிடம் இருந்தவை சரியாகப் பத்து. இதைக் கழித்தால் ஒன்பது. மேலும், அவருடைய பிற கட்டுரைகளுக்கு ஐந்தும் எட்டுமாகத்தான் மேற்கோள்கள் இருந்தன. அவருடைய பெயருக்கு எடை கொடுத்ததே இந்த ஒரு கட்டுரைதான். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் ஆய்வை மதிப்பெண்களாக்கிய நாள்முதல் இந்த எண்ணும் வேலை நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் காளான்களாக முளைத்தன. குழு தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்க நேர்ந்தது. பின்னர் வந்த வேறொரு பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. பட்டியல்கள் மாறின, எண்ணுவது நிற்கவில்லை.

வங்கி நண்பரின் வாதம் நேரடியானது. "யார் கேக்கப் போறா? உலகம் முழுக்க முப்பதாயிரம் பேர் செஞ்சதைத்தானே நீங்களும் செஞ்சிருக்கீங்க. பதவி உயர்வு வந்த பெறகு எழுதுங்க." இதை மோசடி யோசனை என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு பிள்ளைகளின் படிப்பும் ஒரு வீட்டுக் கடனும் உள்ள ஒருவரிடம் அவர் மேல் அக்கறையுள்ள ஒருவர் சொல்லக்கூடியதுதான் அது. தமிழாசிரியர் வேறொன்றைச் சொன்னார். திருக்கோகர்ணத்து ஞானாலயாவில் பழைய முதற்பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: அந்தக் காலத்துத் தமிழ் நூல்களின் தொடக்கத்திலோ இறுதியிலோ பிழையும் திருத்தமும் என்று சில பக்கங்கள் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். பதிப்பாசிரியர் தம் தவறுகளைத் தாமே அச்சிட்டு, நூலோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்திருப்பார். "அதனால அவங்க பேரு கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

மேற்கோள் எண்ணிக்கை என்பது எதை அளக்கிறது என்று இந்த நாள்களில் நாங்கள் தேடித்தேடிப் படித்தோம். இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்த யூஜின் கார்ஃபீல்டின் நோக்கம் எளிமையானது. அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை மறுத்தன என்று பார்க்க 1873 முதல் ஓர் அடைவைப் பயன்படுத்தி வந்தார்கள். அதுபோல் அறிவியல் கட்டுரைகளுக்கும் ஒன்று இருந்தால், தவறென்று தெரிந்த கட்டுரையை அறியாமல் எடுத்தாள்வதைத் தவிர்க்கலாமே என்று 1955இல் அவர் எழுதினார். 1964இல் அடைவும் வந்தது. பிழையைப் பிடிக்கும் கருவியாக எண்ணப்பட்டது பிற்காலத்தில் தராசாக மாறியது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலர் எச்-எண்ணைக் கொண்டுவந்தார்: ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை சுட்டப்பட்ட பத்துக் கட்டுரைகள் ஒருவரிடம் இருந்தால் அவருடைய எச்-எண் பத்து. அவ்வளவுதான். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு அந்த வரையறையின் நேர்த்தி மிகவும் பிடித்துப்போயிற்று. வேறு எவருக்கும் பிடிக்கவில்லை.

உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? புரதத்தின் அளவைக் கண்டறியும் ஒரு முறையைப் பற்றி லௌரியும் பிறரும் 1951இல் எழுதியது. 2014இல் 'நேச்சர்' இதழ் கணக்கிட்டபோது அது மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதைப் பெரிய கட்டுரையாக லௌரியே கருதவில்லை. அதே கணக்கின் முதல் நூறில் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை விவரித்த கட்டுரைக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு கருவியைச் செய்து கொடுத்தவரை ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி அழைக்கிறோம். உலகப் பார்வையையே மாற்றியவரின் கண்டுபிடிப்பு பாடநூலுக்குள் கரைந்துபோய்விடுகிறது.

மேற்கோள் அதிகமானால் உண்மையும் அதிகமாகுமா? அமெரிக்க மருந்து நிறுவனமான ஆம்ஜென் புற்றுநோய் ஆய்வில் மைல்கற்களாகக் கருதப்பட்ட 53 கட்டுரைகளின் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்ததாக 2012இல் தெரிவிக்கப்பட்டது. ஆறு மட்டுமே மீண்டும் அதே முடிவைத் தந்தன. மிகப்பெரிய இதழ்களில் வந்தவற்றைப் பொறுத்தவரை, பொய்த்தவை சராசரியாக 248 முறையும் நிலைத்தவை 231 முறையும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அடுத்த நிலை இதழ்களில் வித்தியாசம் இன்னும் விபரீதம்: பொய்த்தவற்றுக்கு 169, நிலைத்தவற்றுக்கு 13. நாங்கள் இந்த எண்களைத் தோழியிடம் உற்சாகமாகக் காட்டியபோது அவர் அதிகம் சிரிக்கவில்லை. அந்த 169இன் வகையில்தான் தாமும் இருப்பதாக அவர் நினைத்திருக்கக்கூடும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் இடைவெளியில் படித்த இருவரைப் பற்றி அப்போது பேச்சு வந்தது. ஒருவர் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்து பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் தாழ்ந்த சான்றிதழோடு வெளியேறியவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் சொல்கிறார்கள். ஹார்வர்டுக்குப் போய் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1925இல் அவர் எழுதிய பாஸ்பரஸ் அளவிடும் முறை உயிர்வேதியியல் மாணவர் எவருக்கும் பெயரளவிலாவது தெரியும். ஆனால் பிற்காலத்தில் அவர் லெடர்லி நிறுவனத்தில் நடத்திய குழுதான் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் சேர்மங்களை உருவாக்கியது. அவற்றில் ஒன்றைக் கொண்டு ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து, பத்துப் பேரிடம் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை சிட்னி ஃபார்பர் 1948 ஜூனில் வெளியிட்டார். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் ஐவர். சுப்பாராவ் அவர்களில் ஒருவர் அல்லர். இரண்டு மாதங்களில் அவர் இறந்தும் போனார். அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

மற்றவர் எங்கள் ஊர்க்காரர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, மன்னரின் அனுமதியோடு இங்குள்ள ஆண்கள் கல்லூரியில் நுழைந்த முதல் மாணவி. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி. அவரைத் தேவதாசி ஒழிப்போடும் சட்டமன்றத்தோடும் சேர்த்தே நாம் நினைவுகூர்கிறோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த நினைவு அவரை விடவில்லை. 1925இல் லண்டன் சென்றபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்து வந்தார். ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழித்து, 1954 ஜூனில், அறுபத்தேழு வயதில், இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் மறுஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அதை வளர்த்தார்கள். முத்துலட்சுமியின் எச்-எண் எவ்வளவு என்று எங்களில் ஒருவர் குறும்பாகக் கேட்டார். சட்டமன்ற உரைகள், 'ஸ்திரீ தர்மா' இதழில் எழுதியவை, தன்வரலாறு இவற்றையெல்லாம் எந்த அடைவில் தேடுவது?

ஆனால் இந்தக் கேள்வியால்தான் தோழிக்கு ஒரு நூல்முனை கிடைத்தது. அந்த மருத்துவமனை ஆய்வைப் புறக்கணித்த இடமல்ல. தொடக்கத்திலிருந்தே எண்ணியும் எழுதியும் வந்த இடம். சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பொருள்: வாய்ப் புற்றுநோய்க்கான காரணங்கள். 1963இல் அதன் தொடர்ச்சி. அவர்களிடம் செல்வரிசையோ ஊதாச் சாயமோ இல்லை. வரிசையில் நின்ற நோயாளிகளிடம் வெற்றிலை போடுவதுண்டா, புகையிலை சேர்ப்பதுண்டா, பீடி உண்டா, குடி உண்டா என்று கேட்டு எழுதினார்கள். நோயில்லாதவர்களிடமும் அதையே கேட்டு ஒப்பிட்டார்கள். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிற்காலத்தில் வெளியிட்ட பெருந்தொகுதிகளில், சான்றுகளை அடுக்கும் இடத்தில் இந்தச் சென்னைக் கட்டுரைகளும் இருக்கின்றன. பாக்கே தனித்தும் புற்றுநோய் விளைவிக்கும் என்ற முடிவை அந்த முகமை வெளியிட்டது 2004இல். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013இல் தடை செய்யப்பட்டன (பெட்டிக்கடைகளில் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கும் என்பது வேறு கதை). சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் அங்கே ஏற்பட்டது. 2012 முதல் எங்கள் மாவட்டம் உள்படத் தமிழ்நாடு முழுவதற்கும் பதிவேடு உண்டு. அதில் ஒரு வரியை நிரப்ப மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்க வேண்டும். கிடைக்காதவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். வீடு தேடிப் போக வேண்டும். மூன்று மையங்கள் சேர்ந்து 1980களில் தொடங்கிய குழந்தை ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முறையில் அடையாறும் ஒன்று. சுப்பாராவின் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் அந்த மருந்துப் பட்டியலிலும் இருந்தது.

அந்த 1959ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தோழி தம் கட்டுரையில் சுட்டியிருந்தார். முன்னுரையில், அடைப்புக்குறிக்குள், ஏழு எண்களில் ஒன்றாக. முழுமையாகப் படித்தது இப்போதுதான் என்றார்.

சென்ற கார்த்திகையில் அவர் இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதினார். கடிதம் திரும்பி வந்தது. அந்த இதழ் நின்றுபோய்விட்டது. அதன் இணைய முகவரியில் இப்போது வேறு ஏதோ வியாபாரம் நடக்கிறது. கட்டுரையின் நகல்கள் மட்டும் பல தளங்களில் உலவிக்கொண்டிருக்கின்றன. திருத்தத்தை ஏற்க ஒருவருமில்லை. மேற்கோள் காட்டவோ இன்னமும் ஆள் வந்துகொண்டிருக்கிறார்கள். நூற்று நான்கு நூற்றுப் பதினொன்றாகிவிட்டது. ஆகவே, தம்மைச் சுட்டிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தில் நான்கு வரி: நான் பயன்படுத்தியது வாய்ப் புற்றுநோய்ச் செல் அல்ல, தயவுசெய்து அவ்வாறு மேற்கோள் காட்ட வேண்டாம். ஆறு பதில்கள் வந்தன. இருவர் நன்றி தெரிவித்தார்கள். ஒருவர் தம்மிடமும் அதே செல் இருப்பதாகவும் சோதனைக்கு அனுப்பப் போவதாகவும் எழுதினார். ஒருவர் தம்முடைய ஐந்து கட்டுரைகளின் பட்டியலை இணைத்து, அடுத்த முறை இவற்றைச் சுட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்.

பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஒன்பது என்று எழுதினார். அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. வங்கி நண்பருக்கு இதில் இன்றும் வருத்தம்தான், எங்களில் சிலருக்கும்.

இப்போது அவர் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து வருகிறார். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதித்த பின், சுற்றுவட்டாரத்துச் சில ஊர்களில் வீடுவீடாகப் போய் வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தைக் கேட்டு, வாய்ப் பரிசோதனைக்கு வழிகாட்டும் திட்டம். அதிலிருந்து ஒரு கட்டுரை வந்தால் வரட்டும் என்கிறார். கேள்விகளின் தமிழைச் சரிபார்க்கும் பொறுப்பு எங்களுடையது. இரண்டு ஞாயிறுகளை அதிலேயே செலவிட்டோம். "புகையிலை மெல்லும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் இல்லை என்பார்கள். பழக்கம் என்ற சொல்லிலேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. மெல்லுவது என்றாலும் விலகுவார்கள். "வெத்தலை போடுவீங்களா? பொயிலை சேத்தா, சேக்காமயா?" என்றால் பதில் வரும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதற்குப் பதில் கிடைக்காது. ஒரு கவுளி வெற்றிலை எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டால் கணக்காகச் சொல்வார்கள். கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே தூங்குவதுண்டா என்ற கேள்வியை நூலகர்தான் சேர்க்கச் சொன்னார். தம் பாட்டி அப்படித் தூங்குவாராம்.

சோதனைக்காக முதல் தாளை நிரப்பியவர் எங்கள் தமிழாசிரியர். எத்தனை ஆண்டுகளாக என்ற கட்டத்தில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்று எழுதினார். தோழி அவரை வாயைத் திறக்கச் சொல்லிக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறத்தை இரண்டாம் முறையும் பார்த்தார். பிறகு, "ஐயா, திங்கக்கெழமை காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம், நானும் வர்றேன்," என்றார். அவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்துவிட மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.